நெல்லைச் சீமையில் கிழங்குப் பூச்செடிகள்: எதைத் தோண்டி எடுப்பது, எதை மண்ணிலேயே விடுவது?

பாளை மாடிவீடு | ஜூன் 8

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மேற்கு மதிலை ஒட்டி 20 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தி இருக்கிறது. மாடியில் 14 மண்தொட்டிகள் வைத்திருக்கிறேன். இவற்றில் கிழங்கிலிருந்து பூக்கும் செடிகளை வளர்க்க வேண்டும் என்று சென்ற ஐப்பசியில் தொடங்கினேன். இணையத்தில் விற்கும் ஒரு கடையிலிருந்து 10 துலிப், 6 அமரில்லிஸ், 25 நிலச்சம்பங்கிக் கிழங்குகள் வாங்கி நட்டேன். துலிப்பில் ஏழு முளைக்கவே இல்லை. முளைத்த மூன்றும் விரல் நீளத்துக்கு இலைவிட்டுப் பழுத்துச் சாய்ந்துவிட்டன. அமரில்லிஸ் ஆறும் இன்றுவரை இலையாகவே நிற்கின்றன. சம்பங்கி போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தபோது வெளித்தோல் முழுதாக இருந்தது. விரலால் அமுக்கியதும் உள்ளே இருந்ததெல்லாம் கூழாக வழிந்தது. அந்த நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று.

காணொளிகளில் எல்லாரும் இலை காய்ந்தவுடன் கிழங்கைத் தோண்டிப் பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள். என் அம்மாவோ, மண்ணில் கிடப்பதை நோண்டக் கூடாது என்கிறார். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் எது சரி என்பதை, இங்கேயே வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தென்காசிச் சாரல் | ஜூன் 8

தங்கை, முதலில் துலிப்பை மறந்துவிடுங்கள். அது உங்கள் கைப்பிழையால் போகவில்லை. துலிப், டாஃபடில், ஹயசின்த் ஆகிய மூன்றும் பூக்க வேண்டுமானால் கிழங்கு ஏறக்குறைய 12 முதல் 16 வாரங்கள் 9 டிகிரிக்குக் கீழான குளிரில் கிடக்க வேண்டும். ஸ்ரீநகரில் அந்தக் குளிர் தானாகக் கிடைக்கிறது. பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்துப் பூக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே பெட்டியில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால், பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். தப்பிப் பூத்தாலும் குட்டைத் தண்டில் சில நாள் நின்று உதிரும். அடுத்த ஆண்டுக்கு அந்தக் கிழங்கு உதவாது.

அந்தக் கிழங்குகளின் ஆண்டைக் குளிர் நடத்துகிறது. நம் ஊரில் தழைக்கும் கிழங்குகளின் ஆண்டைத் தண்ணீர் நடத்துகிறது. மழையில் விழித்து, வறட்சியில் உறங்குவது அவற்றின் இயல்பு. ஆகவே ஒவ்வொரு செடியைப் பற்றியும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எந்த மாதத்தில் உறங்குகிறது என்பதுதான். அதிலும் தென்காசிக்கும் பாளைக்கும் கணக்கு வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடி, ஆவணியில் எங்களுக்குச் சாரல் விழுகிறது. உங்களுக்கு அந்த மாதங்களில் காற்று மட்டும் வந்து மண்ணை உலர்த்திவிட்டுப் போகிறது. என் வீட்டில் ஜூன் கடைசியில் தானாக முளைவிடும் கிழங்கு, உங்கள் வீட்டில் நீங்கள் தண்ணீர் ஊற்றினால் மட்டுமே முளைக்கும்.

உங்கள் சம்பங்கி அழுகியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று சொல்லிவைத்த மாதத்தில், வேர் இல்லாத உறங்கு கிழங்கை மண்ணுக்குள் வைத்தீர்கள். வேர் இருந்தால் அது தண்ணீரைக் குடித்திருக்கும். வேர் இல்லாத கிழங்கு தண்ணீரில் ஊறியிருக்கிறது. ஆனியிலோ ஆடியிலோ நட்டிருந்தால் மழை வருவதற்குள் மூன்று மாதம் வேரூன்றி, மழையோடு பூவும் வந்திருக்கும்.

கரிசல் மேட்டுத்தெரு | ஜூன் 9

தென்காசி அண்ணாச்சி சொன்ன நடவுக் காலம் முற்றிலும் சரி. சங்கரன்கோவில் பக்கத்தில் நான் 11 ஆண்டுகளாக வீட்டைச் சுற்றி நிலச்சம்பங்கி வைத்திருக்கிறேன். கரிசலில் அதை வளர்ப்பதன் சிரமத்தை அறிந்தவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கரிசல் மண் நனைந்தால் தண்ணீரை விடாது. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இரண்டும் கிழங்குக்கு ஆகாது. ஆகவே பாத்தியைத் தரைமட்டத்தில் வைக்காமல், முக்கால் அடி உயரத்துக்கு மேடு கட்டி, அந்த மேட்டு மண்ணில் பருமணலும் நன்றாக மட்கிய தொழு உரமும் கலந்தேன். மட்காத சாணத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது சூடேறிக் கிழங்கின் அடித்தட்டை, அதாவது வேர் புறப்படும் அடிப்பகுதியை, புண்ணாக்கும், வெள்ளைப்புழுவையும் கூட்டிவரும். கிழங்கு தேர்ந்தெடுக்கும்போது 25 முதல் 30 கிராம் எடையும் நூல் நூற்கும் கதிர்க்கோல் போல நடுவில் பருத்து நுனி ஒடுங்கிய வடிவும் உள்ளதாக எடுங்கள். கடைக்காரர் கொடுக்கும் சிறு பூண்டுப்பல் போன்றவை முதல் ஆண்டு இலை மட்டுமே தரும். தோண்டிய கிழங்கை உடனே நடாமல் நிழலில் பரப்பி ஒரு மாதம் ஆறவிட்டு நடுவது நல்லது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சம்பங்கியில் ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். அதன் பிறகு அதைச் சுற்றிப் பிறக்கும் பக்கக் கிழங்குகள்தான் அடுத்தடுத்துப் பூக்கின்றன. மூன்றாம் ஆண்டில் ஒரு தூரைத் தோண்டினால் கைப்பிடி அளவில் முப்பது, நாற்பது கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, எதற்கும் பருக்க இடமில்லாமல் இருக்கும். ஆகவே ஆண்டுதோறும் தோண்ட வேண்டியதில்லை. மூன்றாண்டுக்கு ஒரு முறை சித்திரை, வைகாசியில் தோண்டிப் பிரித்தே ஆக வேண்டும்.

வகையைப் பொறுத்தவரை, வாசனைக்கும் மாலைக்கும் ஒற்றை அடுக்கு இதழ் உள்ளது. குவளையில் வைக்க இரட்டை அடுக்கு. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், சிருங்கார் இரண்டும் என்னிடம் உள்ளன. இரண்டும் ஒற்றை அடுக்கு. சிருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவை ஓரளவு தாங்கும். கனகாம்பரம் இருந்த பாத்தியில் சம்பங்கி வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள், ஏனெனில் அந்த நூற்புழு கனகாம்பர வேரிலும் பெருகும். இடையிடையே கேந்தி (செண்டுமல்லி) நட்டுவைத்தால் புழு குறைகிறது.

தேரி மணல் | ஜூன் 9

திசையன்விளையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் செம்மணலில் கிழங்கு அழுகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊற்றிய தண்ணீர் கண்முன்னே கீழே இறங்கிவிடும். ஆகவே நான் எதையும் தோண்டுவதில்லை. மழை அல்லி, ஸ்பைடர் லில்லி, கிரைனம் என்னும் விஷமூங்கில் மூன்றும் நட்ட இடத்திலேயே 8 ஆண்டுகளாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன.

எனக்குள்ள தொல்லை ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு. தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பதும், இலை நுனி பழுப்பாகக் கருகுவதும் அதன் அடையாளங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். அதைவிட இரண்டு நாளுக்கு ஒரு முறை அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுவதும், முதல் மழையில் தொட்டிகளை வானம் பார்க்க வைத்து உப்பைக் கழுவிவிடுவதும் பயன் தருகின்றன. மழை அல்லியைப் பற்றி ஒரு செய்தி: எவ்வளவு குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றிரண்டு பூதான் வரும், நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு கோடை மழை விழுந்தால் நான்காம் நாள் காலையில் வரப்பு முழுவதும் ஒன்றாகப் பூத்து நிற்கும். அந்த ஒரு காலைக்காகவே அதை வளர்க்கலாம்.

மயில் இருக்கும் ஊர்க்காரர்கள், நட்ட மறுநாளே பாத்தியின் மேல் உடைமுள்ளைப் பரப்பிவையுங்கள். எனக்கு ஒரே காலையில் 40 கிழங்குகளைக் கிளறிப் போட்டுவிட்டன.

பாளை மாடிவீடு | ஜூன் 10

மூவருக்கும் நன்றி. அமரில்லிஸ் ஏன் பூக்கவில்லை என்பதையும் யாராவது விளக்க வேண்டும். ஆறும் 12 அங்குலத் தொட்டிகளில், கிழங்கு முழுவதும் மண்ணுக்குள் இருக்கும்படி நடப்பட்டிருக்கின்றன. இலைகள் நீண்டு சரிந்ததால் பாதிக்கு வெட்டி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன்.

அம்பை வாய்க்கால்கரை | ஜூன் 10

மகளே, அந்த ரப்பர் வளையத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நர்சரிகளில் அமரில்லிஸ் என்று விற்பது உண்மையில் தென்அமெரிக்காவைச் சேர்ந்த ஹிப்பியாஸ்ட்ரம். அதன் கிழங்கை நெடுக்கு வாட்டில் அறுத்துப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகள் எல்லாம் பழைய இலைகளின் அடிப்பகுதிகள். ஏறத்தாழ நான்கு இலைக்கு ஒரு பூமொட்டு என்ற கணக்கில், மொட்டு அந்த அடுக்குகளுக்கிடையே பல மாதங்களுக்கு முன்பே உருவாகிவிடுகிறது. ஆகவே இலையை வெட்டும் ஒவ்வொரு முறையும் அடுத்த பங்குனிப் பூவுக்கு வேண்டிய உணவையும், சில வேளை மொட்டையுமே இழக்கிறீர்கள். இலை எவ்வளவு அலங்கோலமாகச் சரிந்தாலும், தானாக மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வரும் நிலை வரும்வரை விட்டுவையுங்கள்.

தொட்டியும் பெரிது. கிழங்குக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையே இரண்டு விரற்கடை இருந்தால் போதும். நெருக்கமான தொட்டியில்தான் அது பூக்கும். கிழங்கின் மேல் பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிய வேண்டும். நான் காருகுறிச்சி மண்தொட்டிகளையே வாங்குகிறேன், ஏனென்றால் அவற்றின் சுவர் வழியே ஈரம் வெளியேறுவதால் மழை மாதங்களில் அழுகல் குறைகிறது. ஆனால் ஆனி, ஆடிக் காற்றில் அதே சுவர் மண்ணை மாலைக்குள் உலர்த்திவிடும். அப்போது தொட்டிகளை ஒன்றையொன்று தொடும்படி கூட்டி வைப்பேன். துளைக்கு மேல் ஓர் ஓட்டுச்சில்லு போதும். அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சரளை நிரப்புவதால் வடிகால் கூடுவதில்லை. ஈரம் தேங்கும் மட்டம் மேலே ஏறிக் கிழங்கின் அடியை நெருங்குகிறது, அவ்வளவுதான். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு மட்கிய தொழு உரம், தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு என்ற கலவை எனக்கு ஒருநாளும் தவறியதில்லை.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. மழை தொடங்கியதும் இலையின் அடிப்புறத்தைத் தினமும் திருப்பிப் பாருங்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகளும் செம்மஞ்சள் புள்ளிகளும் கொண்ட ஒரு புழு வரும். குஞ்சாக இருக்கும்போது கூட்டமாக இலையின் பசுமையைச் சுரண்டி, கண்ணாடித்தாள் போன்ற வெள்ளைத் தடத்தை விட்டுச்செல்லும். பருத்தபின் இலையை முடித்துவிட்டுக் கழுத்து வழியாகக் கிழங்குக்குள்ளேயே இறங்கிவிடும். ஒரு முறை இரண்டு நாள் வெளியூர் போய் வந்தபோது எட்டுத் தொட்டிகளில் இலை இருந்த இடத்தில் கறுப்பு எச்சம் மட்டும் கிடந்தது. செங்காந்தளையும் இதே இனப் புழுதான் தின்கிறது. தடம் தெரிந்த அன்றே கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

தென்காசிச் சாரல் | ஜூன் 11

அம்பை அக்கா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பொங்கல் கழிந்ததும் ஹிப்பியாஸ்ட்ரம் தொட்டிகளைப் படிக்கட்டுக்கு அடியில் சாய்த்துப் படுக்கவைத்து, எட்டு வாரம் ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. மாசிக் கடைசியில் நிமிர்த்தித் தண்ணீர் விட்டால் பங்குனியில் பூத்தண்டு எழும்.

அம்பை வாய்க்கால்கரை | ஜூன் 11

தம்பி, உங்கள் முறை தவறு என்று சொல்லமாட்டேன். எல்லாத் தொட்டிகளும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டுமானால் அதுவே வழி. ஆனால் இந்தச் செடிக்கு முழு உறக்கம் கட்டாயமில்லை. என் வீட்டுப் பாத்தியில் இருப்பவை ஆண்டு முழுவதும் இலையோடுதான் நிற்கின்றன; தை, மாசியில் தண்ணீரை வாரம் ஒரு முறையாகக் குறைப்பதோடு சரி. சித்திரையில் பூக்கின்றன. இந்த மகளின் கிழங்குகள் இலையிழந்து மெலிந்திருக்கின்றன. அவற்றை முதல் ஆண்டிலேயே எட்டு வாரம் பட்டினி போட வேண்டாம் என்பதே என் கருத்து.

தென்காசிச் சாரல் | ஜூன் 11

மெலிந்த கிழங்குக்கு அக்கா சொல்வதே சரி. தடித்த கிழங்குக்கு என் முறையை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

செங்காந்தளைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. நம் மாநில மலர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை; தொட்டியிலும் வேலியிலும் இவ்வளவு அழகாக ஏறும் வேறு கிழங்குச் செடி நமக்கு இல்லை. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று அழைக்கப்படும் அதன் கிழங்கு கலப்பை போல இரு கையாகப் பிரிந்திருக்கும். முளைக்கும் கண் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒன்றுதான் உண்டு. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆகவே வாங்கும்போதே நுனிகளைப் பாருங்கள். ஆனி, ஆடியில் இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கைவாட்டில் வையுங்கள். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும் என்பதால் மெல்லிய குச்சியோ வலையோ வேண்டும். பூ, விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாளுக்கு நாள் நுனியிலிருந்து சிவந்து, முடிவில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் எல்லா நிலைகளையும் காணலாம்.

தைக்குப் பிறகு கொடி காய்ந்துவிடும். தண்ணீர் தேங்காத மண்ணாக இருந்தால் கிழங்கை அங்கேயே விடலாம். நீங்கள் தொட்டியில் வைத்திருந்தால் தொட்டியோடு நிழலில் வைத்தால் போதும். அதன் எல்லாப் பாகத்திலும் கோல்சிசின் என்னும் நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் மிகுதி. குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத இடத்தில் வையுங்கள், கையுறையோடு நடுங்கள், எடுத்துவைத்த கிழங்கை அடுக்களைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

திருவைகுண்டம் ஆற்றோரம் | ஜூன் 13

எது தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு எங்கள் தோட்டத்தில் நேர்ந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்ததும், தாமிரபரணி கரைகடந்ததும் அனைவருக்கும் நினைவிருக்கும். எங்கள் தோட்டம் ஆறு நாள் தண்ணீருக்குள் இருந்தது. வண்டல் படிந்த பிறகு பார்த்தால் சம்பங்கி, செவ்வந்தி, கனகாம்பரம் மூன்றும் போயிருந்தன. கல்வாழையும் விஷமூங்கிலும் ஸ்பைடர் லில்லியும் ஒரு மாதத்தில் புது இலை விட்டன. கல்வாழையை நம் வீடுகளில் அடுக்களைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்த வழக்கம் எவ்வளவு பொருத்தமானது என்று அப்போது உணர்ந்தேன். அதில் ஒரு தண்டு பூத்து முடிந்ததும் அதை அடியோடு வெட்டிவிட வேண்டும். பக்கத்துத் தண்டுகள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

கூரையிலிருந்து தண்ணீர் விழும் குழாய் உங்கள் பாத்தியில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த மூலைக்குக் கல்வாழையைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கரிசல் மேட்டுத்தெரு | ஜூன் 13

20 அடிப் பாத்தியைக் கிழங்குச் செடிகளால் மட்டும் நிரப்பாதீர்கள். அவை உறங்கும் மாதங்களில் வெறும் மண்ணாகக் கிடக்கும். மதிலை ஒட்டிப் பின்வரிசையில் டிசம்பர் பூ வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து ஓய்ந்ததும், மாசியில் ஓரடி உயரம் விட்டு வெட்டிவிட்டால் பல ஆண்டு நிற்கும். நடுவரிசையில் சம்பங்கியும், சிறிது நிழல் விழும் பக்கத்தில் கனகாம்பரமும், முன்விளிம்பில் மழை அல்லியும் போதும். அந்திமந்தாரை ஒன்றிரண்டு வைத்தால் அதன் கிழங்குவேர் எந்தக் கோடையையும் தாண்டி முளைக்கும், ஆனால் விதை விழுந்து பாத்தியையே பிடித்துக்கொள்ளும்.

செவ்வந்தி வைப்பதானால் தெருவிளக்கின் வெளிச்சம் விழாத இடமாகப் பாருங்கள். இரவு நீண்டால்தான் அது மொட்டுவிடும். இரவெல்லாம் விளக்கு எரியும் இடத்தில் இருந்த என் செவ்வந்தி தை வரை இலையாகவே நின்றது, மதிலின் மறுபக்கம் இருந்த அதன் கன்றுகள் கார்த்திகையிலேயே பூத்தன.

பாளை மாடிவீடு | நவம்பர் 21

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். பாத்தியை முக்கால் அடி உயர்த்தி, ஆனிக் கடைசியில் 25 சிருங்கார் கிழங்குகளை நட்டேன். புரட்டாசிக் கடைசியில் முதல் கதிர் எழுந்தது. இன்று 17 செடிகளில் பூ இருக்கிறது. மழை தொடங்கிய பிறகு மூன்று கிழங்குகள் மட்டும் அழுகின. மூன்றுமே கூரைத் தண்ணீர் விழும் குழாய்க்கு நேர் கீழே இருந்தவை. திருவைகுண்டம் ஐயா எச்சரித்தும் அந்த மூலையை நான் விட்டுவைக்கவில்லை. இப்போது அங்கே கல்வாழை வைத்துவிட்டேன்.

அம்பை அம்மா சொன்ன புழு அப்படியே வந்தது. கண்ணாடித்தாள் போன்ற தடத்தை முதல் நாளே பார்த்ததால் ஒரு தொட்டியோடு போயிற்று. ஆறு கிழங்குகளும் இப்போது எட்டு, ஒன்பது இலைகளோடு இருக்கின்றன. அவற்றைத் தை மாதத்தில் படுக்கவைப்பதா, வேண்டாமா?

அம்பை வாய்க்கால்கரை | நவம்பர் 21

எட்டு, ஒன்பது இலை என்றால் கிழங்கு தேறிவிட்டது. மூன்று தொட்டிகளைத் தம்பி சொன்னபடி படுக்கவையுங்கள். மூன்றை என் முறையில் விடுங்கள். பங்குனியில் இருவருக்கும் பதில் தெரியும்.

பாளை மாடிவீடு | ஏப்ரல் 19

படுக்கவைத்த மூன்றில் இரண்டு பங்குனி இரண்டாம் வாரத்தில் பூத்தன. ஒரே தண்டில் நான்கு பூக்கள். மூன்றாவது கிழங்கு சுருங்கிவிட்டது, ஆனால் அடித்தட்டு கெட்டியாக இருக்கிறது. இலையோடு விட்ட மூன்றில் ஒன்று நேற்று விரிந்தது, மற்றொன்றில் தண்டு எழும்பியிருக்கிறது.

தென்காசிச் சாரல் | ஏப்ரல் 19

சுருங்கிய கிழங்கைப் பருமணல் அதிகமுள்ள மண்ணில் வைத்து, புது இலை தெரியும்வரை தண்ணீரைக் கொஞ்சமாகவே விடுங்கள். அடித்தட்டு கெட்டியாக இருந்தால் பிழைத்துவிடும். அடுத்த தையில் அதைப் படுக்கவைக்க வேண்டாம்.

தேரி மணல் | ஏப்ரல் 20

மழை அல்லி அடர்ந்துவிட்டதால் வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் ஐம்பது கிழங்குகள் வீதம் பிரித்தெடுத்து, மணலில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பாளைக்கு வருகிறேன். வேண்டியவர்கள் இங்கேயே சொன்னால் தாளில் பொதிந்து கொண்டுவருகிறேன். பதிலுக்குச் சிருங்கார் பக்கக் கிழங்கு யாரிடமாவது இருந்தால் பத்து கொடுங்கள், எங்கள் மணலில் அது எப்படி வருகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

பாளை மாடிவீடு | ஏப்ரல் 20

அண்ணாச்சி, எனக்கு வெள்ளையில் இருபது வேண்டும். சம்பங்கித் தூர்கள் ஓராண்டுகூட ஆகாதவை என்பதால் அவற்றைக் கலைக்க மனம் வரவில்லை. ஆயினும் குழாய் மூலைக்கு அடுத்த தூரை எப்படியும் இந்த மாதம் இடம்மாற்ற வேண்டும். அதில் பக்கக் கிழங்குகள் தேறினால் பத்தையும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு, ஆனியில் நடுங்கள்.